உடையாத சிர்கோனியா செய்வது எப்படி: அணு அளவில் குறை வைத்துச் செராமிக்கை வலுவாக்கும் முழு வழிகாட்டி

தூய சிர்கோனியாப் (சிர்கோனியம் ஆக்சைடு) பொடியை அச்சில் அழுத்தி, 1500 டிகிரி செல்சியஸில் சுட்டு, உலையை ஆறவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். வைத்த துண்டு இருக்காது. விரிசலோடிய சில்லுகள்தான் கிடக்கும். அதே பொடியில் 100 மூலக்கூறுக்கு 3 என்ற கணக்கில் யிட்ரியாவைச் (யிட்ரியம் ஆக்சைடு) சேர்த்துச் சுட்டால், வெளியே வருவது 1000 மெகா பாஸ்கல் வளைவு வலிமை கொண்ட பட்டை. பல் கிரீடமாகவும் கத்தி அலகாகவும் உழைப்பது, ஒரு காலத்தில் இடுப்பு மூட்டுப் பந்தாகவும் உழைத்தது இந்தப் பொருள்தான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், படிகத்தின் உள்ளே ஏறத்தாழ 70 ஆக்சிஜன் இடங்களுக்கு ஒன்று காலியாக இருப்பது. அவ்வளவுதான். செராமிக்கில் குறையே இருக்கக் கூடாது என்று பாடப்புத்தகம் படித்து வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். எந்தக் குறையை ஒழிக்க வேண்டும், எந்தக் குறையை எண்ணிப் பார்த்து வைக்க வேண்டும் என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர். பொடி தயாரிப்பதிலிருந்து முதுமைச் சோதனை (ஈரத்தில் நாள்பட எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது) வரை ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியே வந்து நிற்கும்.

மஃபிள் ஃபர்னஸ் (மூடிய உலை), பிரஸ், எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக வடிவத்தைக் காணும் கருவி) வசதி உள்ள கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் மாணவர்களையும், சிறு அளவில் செராமிக் பாகங்கள் செய்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பெரிய குறை, சின்னக் குறை

கண்ணாடி, செராமிக் போன்ற பொருள்கள் கணக்கில் வரும் வலிமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே ஏன் உடைகின்றன என்பதை 1921ல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார். உள்ளே ஏற்கெனவே இருக்கும் விரிசலின் நுனியில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) குவிகிறது. உடைவதைத் தீர்மானிப்பது அந்த விரிசலின் நீளமும், அதை ஓடவிடாமல் பிடிக்கும் பொருளின் திறனும். இந்தத் திறனைத்தான் முறிவெதிர்ப்பு என்கிறோம். அலகு, மெகா பாஸ்கல் ரூட் மீட்டர். சாதாரணக் கண்ணாடிக்கு 0.7 அளவில், அலுமினாவுக்கு 3 முதல் 4, யிட்ரியா 3 சேர்த்த சிர்கோனியாவுக்கு 5 அல்லது அதற்குச் சற்று மேல்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். முறிவெதிர்ப்பு 3.5 உள்ள அலுமினாப் பட்டை 400 மெகா பாஸ்கலில் உடைந்தால், அதை உடைத்த அரைவட்ட மேற்பரப்பு விரிசலின் ஆழம் சுமார் 48 மைக்ரான். முறிவெதிர்ப்பு 5 உள்ள சிர்கோனியாவில் அதே 48 மைக்ரான் விரிசல் இருந்தால், அது கிட்டத்தட்ட 570 வரை தாங்கும். 1000 மெகா பாஸ்கல் வேண்டுமென்றால் விரிசல் 16 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. ஆக, அணு அளவுக் குறை முறிவெதிர்ப்பைத்தான் உயர்த்தும். பொடியில் விழுந்த தூசி, கட்டி, காற்றுக்குழி ஆகியவற்றை நீங்கள்தான் நீக்க வேண்டும். 16 மைக்ரான் என்பது ஒரு தலைமுடியின் தடிமனைவிடவும் குறைவு.

காலியான ஓர் ஆக்சிஜன் இடமோ அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. அது விரிசலின் தொடக்கமாக முடியாது. ஆனால் படிகத்தின் நிலையையே மாற்றும்.

காலியிடம் என்ன செய்கிறது?

சிர்கோனியாவுக்கு மூன்று படிக வடிவங்கள். அறை வெப்பத்திலிருந்து 1170 டிகிரி வரை மோனோக்ளினிக். அதற்கு மேல் 2370 டிகிரி வரை டெட்ராகோனல். அதற்கும் மேல் கனசதுரம். டெட்ராகோனல் ஆறும்போது மோனோக்ளினிக்காக மாறுகிறது. மாறும்போது கன அளவு 4 முதல் 5 விழுக்காடு பெருக்கிறது, கூடவே சாய்வும் உண்டு. தூய சிர்கோனியா சில்லாக உதிர்வதற்குக் காரணம் இந்தப் பெருக்கம்தான்.

மோனோக்ளினிக் வடிவத்தில் ஒவ்வொரு சிர்கோனியம் அணுவையும் சுற்றி 7 ஆக்சிஜன், டெட்ராகோனலில் 8. சிர்கோனியம் அயனி சிறியது, அதற்கு 7 தான் வசதி. ஏழு பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேர் நெருக்கி அமர்ந்தது போன்ற நிலை டெட்ராகோனல். வெப்பம் குறைந்தவுடன் அது கலைகிறது. இப்போது 4 மின்சுமை உள்ள சிர்கோனியத்தின் இடத்தில் 3 மின்சுமை உள்ள யிட்ரியத்தை வையுங்கள். மின்சுமைக் கணக்குச் சரியாக வேண்டுமே. அதனால் இரண்டு யிட்ரியம் நுழைந்தால் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிறது. யிட்ரியம் பெரிய அயனி, 8 அண்டையோடு அதற்குப் பிரச்சினை இல்லை. ஆகவே காலியிடம் பெரும்பாலும் சிர்கோனியத்தின் பக்கத்தில் போய் அமர்கிறது. எட்டில் ஒன்று எழுந்துவிட நெருக்கம் தளர்கிறது. அறை வெப்பத்திலும் டெட்ராகோனல் வடிவம் நீடிக்கிறது.

ஆனால் முழு நிம்மதியோடு அல்ல. மாறத் தயாராக, தூண்டுதலுக்குக் காத்திருக்கும் நிலை அது. விரிசல் நுனியின் இழுவிசை அந்தத் தூண்டுதலைத் தருகிறது. நுனியைச் சுற்றி ஒரு சில மைக்ரான் அகலத்தில் படிகங்கள் மோனோக்ளினிக்காக மாறிப் பெருக்கின்றன. சுற்றியுள்ள பொருள் விட்டுக்கொடுக்காததால், பெருத்த பகுதி விரிசலை இருபுறமும் நெருக்கி மூடப் பார்க்கிறது. விரிசல் முன்னே போக இன்னும் அதிக விசை வேண்டியிருக்கிறது. 1975ல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் இதை வெளியிட்டபோது, எஃகோடு ஒப்பிட்டே எழுதினார்கள். ஒப்பீடு பொருத்தமானதுதான். எஃகைச் சட்டென்று ஆறவைக்கும்போது மார்ட்டென்சைட் என்ற கடினமான படிக வடிவம் உருவாவதும் இதே வகை மாற்றம்.

படி 1: எத்தனை காலியிடம் என்று முடிவு செய்யுங்கள்

3 மோல் விழுக்காடு யிட்ரியா என்றால்: 0.03 பங்கு யிட்ரியா, 0.97 பங்கு சிர்கோனியா. உலோக அணுக்கள் 1.03. இருக்க வேண்டிய ஆக்சிஜன் இடங்கள் 2.06. காலி 0.03. அதாவது 1.5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 8 மோல் விழுக்காடு என்றால் 3.7 விழுக்காடு காலி.

காலியிடம் கூடக்கூட வலு கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். 8 மோல் யிட்ரியா சேர்த்தால் கனசதுர வடிவம் முழுதாக நிலைத்துவிடும். எந்த விசைக்கும் அது மாறாது. எனவே விரிசலை நெருக்கவும் ஆளில்லை. முறிவெதிர்ப்பு 2க்குக் கீழ் போய்விடும். அந்தக் கலவை ஆக்சிஜன் அயனியை நன்றாகக் கடத்தும் என்பதால் எரிபொருள் கலத்துக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் போகிறது. இயந்திரப் பாகத்துக்கு உதவாது. 5 மோல் பல் மருத்துவத்தில் ஒளி ஊடுருவும் அழகுக்காகப் பயன்படுகிறது. வலிமை 500 முதல் 700 வரைதான். மறுபக்கம், 2 மோலுக்கு இறங்கினால் முறிவெதிர்ப்பு உயரும், ஆனால் படிகம் மிக எளிதில் மாறிவிடுவதால் ஈரத்தில் சீக்கிரம் கெடும். முதல் முறை செய்பவர்கள் 3 மோலில் தொடங்குங்கள். அதில் கைவந்த பிறகு 2.5 பக்கம் போகலாம்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. அணு அளவுக் குறை என்றால் காலியிடம் மட்டுமல்ல. டிஸ்லொகேஷன் என்ற கோட்டுக் குறையும் உண்டு. உலோகம் உடையாமல் வளைவது அதனால்தான். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் ஒற்றைப் படிகம் அறை வெப்பத்திலேயே உருமாறி வளைவதை 2001ல் ஷ்டுட்கார்ட்டில் காட்டினார்கள். 2018ல் நகோயா பல்கலைக்கழகத்தில் துத்தநாக சல்ஃபைடு படிகத்தை முழு இருளில் அழுத்தியபோது 45 விழுக்காடு வரை உடையாமல் நசுங்கியது. வெளிச்சம் பட்டால் டிஸ்லொகேஷன் நகராமல் உடைந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று. ஆனால் இவை ஒற்றைப் படிகங்கள். பொடியிலிருந்து சுட்டெடுக்கும் பாகத்துக்கு இன்று கைக்கு எட்டும் வழி காலியிடம்தான்.

படி 2: பொடி

சிர்கோனியாப் பொடியையும் யிட்ரியாப் பொடியையும் பால் மில்லில் போட்டு அரைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. அரைத்த கலவையில் ஓரிடத்தில் யிட்ரியம் 5, இன்னோரிடத்தில் 1 என்று இருக்கும். 1 இருக்கும் இடம் ஆறும்போதே மாறி, அதுவே பெரிய விரிசலாகும். அணுக்கள் கரைசலிலேயே கலந்திருக்க வேண்டும். அதனால் கூட்டு வீழ்படிவு முறை.

100 கிராம் பொடிக்கு யிட்ரியா 5.36 கிராம், சிர்கோனியா 94.64 கிராம். யிட்ரியா காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். 1000 டிகிரியில் ஒரு முறை சுட்டு, ஆறிய கையோடு எடை போடுங்கள். சிர்கோனியம் ஆக்சிகுளோரைடு உப்பில் நீரின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். லேபிளை நம்பாமல், 5 கிராம் உப்பை எடுத்துச் சுட்டு எவ்வளவு ஆக்சைடு மிஞ்சுகிறது என்று பார்த்து, அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். இந்த ஒரு சோம்பலால் 3 மோல் என்று நினைத்தது 2.7 ஆகிவிடும்.

யிட்ரியாவை வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஆக்சிகுளோரைடு கரைசலோடு சேருங்கள். இந்தக் கரைசலை அம்மோனியாவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அம்மோனியாவைக் கரைசலில் விடக் கூடாது. சிர்கோனியம் குறைந்த பிஎச் அளவிலேயே வீழ்ந்துவிடும், யிட்ரியத்துக்கு அதிகம் வேண்டும். கலக்கிக்கொண்டே, பிஎச் 9க்குக் கீழ் இறங்காமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாக விழும். ஃபியூம் ஹூட்டுக்குள் செய்யுங்கள்.

வெள்ளைக் கூழாக வருவதை வடிகட்டிக் கழுவ வேண்டும். குளோரைடு மிஞ்சினால் சுடும்போது வாயுவாகிக் குழி விடும். வடிநீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போல் கலங்கும். அந்தக் கலங்கல் நிற்கும்வரை கழுவுங்கள். கடைசி இரண்டு முறை நீருக்குப் பதில் எத்தனால். நீரில் உலர்ந்த பொடி கல்லாக இறுகும். எத்தனாலில் உலர்ந்தது விரலால் நசுக்கினாலே மாவாகும். பிறகு 700 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் சுட்டு, சிர்கோனியா உருண்டைகளோடு எத்தனாலில் அரைத்து, சல்லடையில் சலியுங்கள். கண்ணாடிக் கல்வமும் அகேட் கல்வமும் வேண்டாம். அதில் தேய்ந்து வரும் சிலிக்கா படிகங்களின் எல்லையில் கண்ணாடிப் படலமாகத் தங்கும்.

பொடியே செய்ய நேரமில்லாதவர்கள் 3 மோல் தயார்ப் பொடி வாங்கலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை. இந்தப் பொடியின் மூலமான சிர்கான் என்ற கனிமம் நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது இருக்கிறது. தூத்துக்குடி அருகே பழையகாயலில் சிர்கோனியம் ஆக்சைடு தயாரிக்கும் அணுசக்தித் துறையின் ஆலையும் இருக்கிறது.

படி 3: அழுத்துதல்

எஃகு அச்சில் 50 மெகா பாஸ்கல் அளவில் மெதுவாக அழுத்தி, ரப்பர் உறையில் காற்றை உறிஞ்சி மூடி, குளிர் ஐசோஸ்டேட்டிக் பிரஸ்ஸில் 200 மெகா பாஸ்கல் கொடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைத்தால்தான் சுடும்போது கோணாமல் சுருங்கும். அச்சிலேயே அதிக அழுத்தம் கொடுத்து வேலையை முடிக்கப் பார்த்தால் வெளியே தள்ளும்போது வில்லை குறுக்கே பிளக்கும். அந்தப் பிளவு சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. சுட்ட பிறகுதான் தெரியும். ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று கணக்கிட்டு அச்சின் அளவைத் தீர்மானியுங்கள்.

படி 4: சுடுதல்

பைண்டர் (பொடியை ஒட்டவைக்கும் பசை) சேர்த்திருந்தால் 600 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரி. அங்கே ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி. 1450 டிகிரியில் 2 மணி நேரம். இறங்கும்போதும் நிமிடத்துக்கு 5 டிகிரி. கதவைத் திறந்து ஆறவைக்காதீர்கள்.

இங்கே இரண்டு பக்கமும் பள்ளம். வெப்பம் குறைந்தால் காற்றுக்குழி மிஞ்சும். அதிகமானால் படிகத்துகள்கள் வளரும்; துகள் பெரிதாகப் பெரிதாக டெட்ராகோனல் நிலை தளரும். 3 மோலுக்கு ஒரு மைக்ரான் அளவைத் தாண்டினால் ஆறும்போதே தானாக மாறத் தொடங்கும். இன்னொன்று: 1500க்கு மேல் போனால் யிட்ரியம் சமமாக நிற்காது. சில துகள்கள் அதை அதிகம் உறிஞ்சிக் கனசதுரமாகும். மீதித் துகள்களில் யிட்ரியம் குறைந்துபோகும். கரைசலில் அணு அணுவாகக் கலந்த உழைப்பெல்லாம் அந்த மணி நேரத்தில் வீண். அடர்த்தி வரவில்லையா? வெப்பத்தை ஏற்றுவதற்கு முன் பொடிக்கும் அழுத்தத்துக்கும் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

படி 5: வந்திருப்பது என்ன என்று பாருங்கள்

ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.0 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். குழியே இல்லாத பொருளுக்கு 6.1க்குக் கிட்ட. குறைந்தால் மேலே போக வேண்டாம், குழியுள்ள துண்டின் வலிமை எதையும் சொல்லாது. வைரப் பேஸ்ட்டில் ஒரு மைக்ரான் வரை பாலிஷ் செய்து, 1350 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் துகள் எல்லைகள் தெரியும். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். 0.3 முதல் 0.5 மைக்ரான் நல்ல அளவு.

பிறகு எக்ஸ்ஆர்டி. துண்டைப் பொடியாக்கி வைக்கவே கூடாது. இடிக்கும் விசையே டெட்ராகோனலை மோனோக்ளினிக்காக மாற்றிவிடும். பாலிஷ் செய்த முழுத் துண்டை வையுங்கள். தாமிரக் கதிரில் டெட்ராகோனலின் பெரிய முகடு 30.2 டிகிரியில், மோனோக்ளினிக்கின் இரண்டு முகடுகள் 28.2லும் 31.4லும். நல்ல துண்டில் நடுவில் ஒற்றைக் கோபுரம்தான் தெரியும்.

அதே துண்டை உடைத்து, உடைந்த முகத்தை வைத்து மறுபடி எடுங்கள். இருபுறமும் இப்போது சின்ன முகடுகள் எழும்பியிருக்கும். விரிசல் ஓடிய வழியில் படிகங்கள் மாறின என்பதற்கு அதுவே சாட்சி. மாணவர்களுக்கு இந்த இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும். மோனோக்ளினிக் முகடுகள் இரண்டின் செறிவுகளைக் கூட்டி, அதை மூன்று முகடுகளின் செறிவுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதை 1.311ஆல் பெருக்கி, 1 கூட்டல் 0.311 மடங்கு அதே விகிதத்தால் வகுத்தால் மோனோக்ளினிக்கின் கன அளவுப் பங்கு. விகிதம் 0.20 வந்தால் பங்கு 0.25 அளவில் இருக்கும்.

படி 6: வலிமையும் முறிவெதிர்ப்பும்

ஐஎஸ்ஓ 14704 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் பட்டை: 3 மிமீ தடிமன், 4 மிமீ அகலம், 45 மிமீ நீளம். கீழே 40 மிமீ, மேலே 20 மிமீ இடைவெளியில் நான்கு புள்ளி வளைவு. இந்த அளவுக்கு, நியூட்டனில் வரும் விசையை 0.833ஆல் பெருக்கினால் மெகா பாஸ்கல். 1200 நியூட்டனில் உடைந்தால் 1000. விளிம்புகளைச் சற்றே மழுக்குங்கள். கூரான விளிம்பில் அரைத்தபோது விழுந்த சின்னச் சில்லே உடைவுக்குக் காரணமாகிவிடும். பத்துப் பட்டைக்குக் குறையாமல் உடையுங்கள்; வைபுல் பகுப்பாய்வு (வலிமை பட்டைக்குப் பட்டை எவ்வளவு மாறுகிறது என்ற புள்ளியியல் கணக்கு) செய்ய முப்பது வேண்டும். மிகக் குறைந்த மதிப்பு வந்த பட்டையின் உடைந்த முகத்தைத்தான் முதலில் எஸ்இஎம்மில் பார்க்க வேண்டும். உடைவு தொடங்கிய இடத்தில் ஒரு கட்டியோ குழியோ நூலிழையோ உட்கார்ந்திருக்கும். எந்தப் படியில் அது வந்தது என்று பின்னால் தேடிப் போவதுதான் இந்தத் தொழிலில் முன்னேறும் வழி.

முறிவெதிர்ப்புக்கு, விக்கர்ஸ் ஊசியால் குத்தி விரிசல் நீளத்தை அளந்து சூத்திரத்தில் போடும் பழக்கம் பரவலாக உண்டு. சிர்கோனியாவுக்கு அதை நான் நம்புவதில்லை. குத்தும்போதே படிகம் மாறுகிறது, விரிசலின் வடிவமும் சூத்திரம் நினைப்பதுபோல் இருப்பதில்லை. எந்தச் சூத்திரம் எடுக்கிறோமோ அதற்கேற்ற எண் வரும். கலவைகளைத் தங்களுக்குள் ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சொல்லும் எண்ணுக்கு, பட்டையில் வெட்டுப் போட்டு, சவரப் பிளேடும் வைரப் பேஸ்ட்டும் கொண்டு அதன் நுனியைக் கூராக்கி வளைத்து உடைக்கும் முறையே சரி. இரண்டு முறைக்கும் முன் ஓர் எச்சரிக்கை: கரடுமுரடாக அரைத்த மேற்பரப்பில் படிகங்கள் மாறி ஓர் அமுக்கப் படலம் உருவாகியிருக்கும், எண்ணை ஏற்றிக் காட்டும். 1200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அது மறையும்.

வந்த எண் நியாயமானதா என்று பார்க்க, மெக்மீக்கிங்கும் எவன்ஸும் 1982ல் தந்த சூத்திரம் உதவும். 0.22 பெருக்கல் யங் குணகம் (பொருளின் விறைப்பு) பெருக்கல் கன அளவுப் பெருக்கம் பெருக்கல் மாறிய பங்கு பெருக்கல் மாறிய பகுதி அகலத்தின் வர்க்கமூலம், இதை 0.7ஆல் வகுக்க வேண்டும். 200 கிகா பாஸ்கல், 0.04, பாதி மாற்றம், 3 மைக்ரான் என்று வைத்தால் 2.2 வருகிறது. மாற்றமே நிகழாத சிர்கோனியாவின் 2 முதல் 3 வரையிலான முறிவெதிர்ப்போடு இதைக் கூட்டினால் 5ஐ ஒட்டி நிற்கும். உங்கள் அளவீடு 12 என்று காட்டினால் மகிழ்வதற்கு முன் முறையைச் சந்தேகியுங்கள்.

படி 7: முதுமைச் சோதனை

பலர் ஆறாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தினால் வேலை பாதிதான். வலுக் கொடுத்த அதே காலியிடம், தண்ணீர் நுழையும் வாசலும் ஆகிறது. நீர் மூலக்கூறு மேற்பரப்பில் பிரிந்து, ஹைட்ராக்சில் அந்தக் காலியிடத்தில் போய் அமர்கிறது. எழுந்து போனவர் இடம் நிரம்பிவிட, டெட்ராகோனல் மறுபடி தள்ளாடுகிறது. மேற்பரப்பில் ஒரு துகள் மாறிப் பெருத்தால் பக்கத்துத் துகளைத் தள்ளும், நுண்விரிசல் விழும், அதன் வழியே நீர் இன்னும் உள்ளே போகும். 250 டிகிரி அருகே இது மிக வேகம். உடல் வெப்பத்தில் மிக மெதுவாக, ஆனால் நிற்காமல் நடக்கும்.

இதன் விலை என்ன என்பதை 2001 காட்டியது. பிரான்ஸில் ஒரு நிறுவனம் மூட்டுப் பந்துகளைச் சுடும் உலையைத் தொகுதி உலையிலிருந்து சுரங்க உலைக்கு மாற்றியிருந்தது. பொடியும் வடிவமும் பழையவைதான். சுடும் முறை மட்டும் மாறியது. அந்தத் தொகுதிகளில் சில நூறு பந்துகள் நோயாளிகளின் இடுப்புக்குள்ளேயே உடைந்தன. அந்த ஆகஸ்டில் பந்துகள் திரும்பப் பெறப்பட்டன. யிட்ரியா சிர்கோனியாப் பந்துகளின் சந்தை அதிலிருந்து மீளவே இல்லை.

சோதனை எளிது. ஆட்டோகிளேவில் 134 டிகிரி, 2 பார் நீராவியில் 5 மணி நேரம். உள்வைப்புச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 13356 தரம், அதன் பிறகு மோனோக்ளினிக் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து எக்ஸ்ஆர்டியில் பார்த்துக் குறித்து வையுங்கள். முதல் இரண்டு மணி நேரம் தட்டையாக இருந்து பிறகு சட்டென்று ஏறும் வளைவும், தொடக்கத்திலிருந்தே ஏறும் வளைவும் வெவ்வேறு கதை சொல்லும். பின்னது வந்தால் சுட்ட துண்டிலேயே குழி மிஞ்சியிருக்கிறது, அல்லது துகள் பெரிது.

தேறவில்லை என்றால் முதலில் சுடும் வெப்பத்தை 50 டிகிரி குறைத்து, துகளைச் சிறிதாக்குங்கள். அடுத்து 0.25 எடை விழுக்காடு அலுமினா சேருங்கள். அந்த அலுமினியம் துகள் எல்லைகளில் போய்ப் படிந்து மாற்றத்தின் வேகத்தைத் தணிக்கும், கூடவே குறைந்த வெப்பத்தில் அடர்த்தி வரவும் உதவும். யிட்ரியாவை 3.5க்கு ஏற்றுவது மூன்றாவது வழி. முறிவெதிர்ப்பில் கொஞ்சம் இழப்பீர்கள். நீராவிக்குள்ளேயே வேலை செய்யப்போகும் பாகம் என்றால் யிட்ரியாவை விட்டு 12 மோல் சீரியாவுக்குப் (சீரியம் ஆக்சைடு) போங்கள். சீரியத்துக்கும் 4 மின்சுமை என்பதால் அங்கே காலியிடம் கிட்டத்தட்ட உருவாவதே இல்லை. அயனியின் பெரிய உருவமே டெட்ராகோனலைப் பிடித்து வைக்கிறது. முறிவெதிர்ப்பு யிட்ரியாக் கலவையைவிட உயரும், வலிமை 500 முதல் 700 மெகா பாஸ்கலுக்கு இறங்கும். பாகத்தில் வரும் உச்சத் தகைவை முன்கூட்டிக் கணக்கிட்டு, அந்த வலிமையில் பாதிக்கும் கீழே அது நின்றால் மட்டும் இந்த வழியை எடுங்கள்.